சிதைவும் செப்பமும்

கலைஞன் தன் படைப்பை முடித்துக் கையெடுத்த அன்றே அதன் தேய்வும் தொடங்கிவிடுகின்றது. சுவரோவியத்தை ஈரம் உரிக்கின்றது. பலகையோவியத்தைப் பலகையின் சுருக்கமும் விரிவும் பிளக்கின்றன. பட்டையும் கம்பளியையும் ஒளியே அரிக்கின்றது. வெண்கலம் உப்பினாலும் ஈரத்தினாலும் பசுந்தூளாய் உதிர்கின்றது. இத்தேய்வைத் தடுத்தற்கும், தேய்ந்தவற்றைச் செப்பஞ் செய்தற்கும் உலகின் பெரிய நூதனசாலைகள் தமக்கெனத் தனி ஆய்வுகூடங்களை வைத்திருக்கின்றன. அங்கே நிகழும் பணியைப் பொதுமக்கள் ஒருவகைக் கைத்தொழில் என்றே எண்ணுவர். இரசாயன அறிவும் கைத்திறனும் உடையார் சிலர் அழுக்கைத் துடைத்து, கிழிசலைத் தைத்து, பொருளைப் பழையபடி ஆக்கித் தருகின்றனர் என்பது அவர் கருத்து. அக்கருத்து முழு உண்மை அன்று என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழையபடி ஆக்குதல் என்கின்றோம். எந்தப் பழமைபடி? தீட்டிய நாளில் இருந்தபடியா? நூறாண்டு கழிந்து மக்கள் போற்றியபடியா? இன்று நமக்குக் கிடைத்தபடியா? இவ்வினாவுக்கு விடை கூறாமல் ஆய்வுகூடத்தில் ஒருவர் பஞ்சையோ ஊசியையோ கையில் எடுத்தல் இயலாது. விடை கூறும்போதே அவர் அப்படைப்பின் உயிர்நாடி எது, புறத்தே ஒட்டியது எது என்று தீர்ப்பளித்துவிடுகின்றார். அத்தீர்ப்பு திறனாய்வாளனுடைய தீர்ப்பேயாகும். வேறுபாடு ஒன்றுண்டு. திறனாய்வாளன் பிழைபடக் கூறினால் மறுப்புரை எழுதித் திருத்தலாம். செப்பஞ் செய்வோன் பிழைபடச் செய்தால் பொருளே போய்விடும். ஆதலின் செப்பஞ் செய்த வேலையும் ஒரு கவிதையைப் போலவும் நாடகத்தைப் போலவும் ஆராயப்படவேண்டியதே.

தமிழ் மாணவர்க்கு இப்பொருள் புதியதன்று. பதிப்பாசிரியர் பணியும் இதுவே. செல்லரித்த ஏடுகளின் நிலைக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் இரங்கியமையை நாம் அறிவோம். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது, ஏட்டிற் சிதைந்த இடங்களைத் தாமே பாடி நிரப்பவில்லை. சொல் இல்லாத இடத்திற் புள்ளியிட்டார். 267ஆம், 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைத்தில. ஆயினும் அவ்வெண்கள் அழிக்கப்படவில்லை. 266க்குப் பின் 269 வருதலைக் காணும் மாணவன், ஈண்டு இரண்டு பாடல்கள் இருந்தன என்று அறிகின்றான். இல்லாததனை இல்லை என்று காட்டுதலும் பதிப்பின் பயனாயிற்று. சீர்த்தளை அறிந்த புலவர் ஒருவர் அப்புள்ளிகளை நிரப்ப விரும்பியிருப்பின் அஃது அரியதன்று; நிரப்பியிருந்தால் அந்நூலின் நம்பகம் கெட்டிருக்கும்.

இவ்வொப்புமையை மனத்திற் கொண்டு ஆய்வுகூடத்தின் பணியை மூன்றாகப் பகுத்து நோக்குவாம். அவை களைதல், நிரப்பல், தாங்கல் என்பனவாம். பிற்காலத்து வந்து படிந்ததை நீக்குதல் களைதல். அழிந்த இடத்திற் புதியது வைத்தல் நிரப்பல். நலிந்ததற்குத் துணைகொடுத்து நிறுத்துதல் தாங்கல்.

களைதலில் ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. 1967இல் சிகிரியாக் குன்றின் ஓவியங்கள் மீது தீயோர் பச்சை நிற வர்ணத்தைப் பூசியும் சிலவற்றைக் கொத்தியும் சென்றமை நம் நாட்டார் அறிந்ததே. உரோமாபுரியிலிருந்து லூசியானோ மரன்சி என்னும் வல்லுநர் வந்து, நம் நாட்டுத் தொல்பொருட் பகுதியினரோடு கூடி அவ்வர்ணத்தை நீக்கினார். அப்பச்சை வர்ணம் ஓவியத்தைச் சேர்ந்ததன்று என்பதில் எவருக்கும் இருகருத்தில்லை. வினா முழுவதும் கைத்திறன் பற்றியதே. எந்தக் கரைப்பான் பகைவர்ணத்தைக் கரைத்து மூலவர்ணத்தை விட்டுவைக்கும் என்பதே.

ஐயம் எழுவது வேறிடத்தில். ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களின் மேல் வார்ணிசு என்னும் பிசின்பூச்சு இடப்படுவது வழக்கம். அப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். இலண்டன் தேசிய ஓவியசாலையின் படங்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேல்சு நாட்டுக் கற்பலகைச் சுரங்கமொன்றில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்திற் பல படங்களின் பழைய பூச்சு நீக்கப்பட்டது. 1947இல் அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது நகரே இருபிரிவாயிற்று. நீலம் நீலமாயிற்று என மகிழ்ந்தார் ஒரு சாரார். படத்தின் தோலை உரித்துவிட்டனர் என வெகுண்டார் மறுசாரார். ஆராய அமைக்கப்பட்ட குழு படங்களுக்குக் கேடு நேரவில்லை என்றது. வாதம் அவ்வளவில் ஓயவில்லை. 1949இல் இத்தாலிய அறிஞர் செசாரே பிராண்டி, பழைய ஓவியர் சிலர் நிறங்களை இணக்குதற்கென்றே மெல்லிய வர்ணப்படலங்களையும் நிறமூட்டிய பூச்சுக்களையும் இறுதியில் இட்டனர் என்றும், அழுக்கென்று துடைப்பது ஓவியனது கையாகவே இருத்தல் கூடும் என்றும் எழுதினார். 1962இல் கொம்பிரிச்சு என்னும் கலை வரலாற்றாசிரியர், கிரேக்க ஓவியன் அப்பெலீசு தன் படங்களுக்கு மங்கிய பூச்சொன்று இட்டான் என உரோமநூலாசிரியர் பிளினி கூறியதை எடுத்துக்காட்டி அவ்வாதத்தை மீளக் கிளப்பினார். ஓவியசாலையின் ஆய்வுகூடத்தாரோ, வர்ணத்தின் நுண்துணுக்குகளைக் குறுக்கே வெட்டி நுண்பெருக்கியில் நோக்கி, படலம் படலமாகக் கண்டதைச் சான்றாக்கி விடையிறுத்தனர்.

இருசாராருள் யார் கூற்று மெய் என்பது ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே தீர்க்கப்படவேண்டியது. ஆயினும் இவ்வாதத்திலிருந்து பொதுவுண்மை ஒன்று புலனாகின்றது. டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பராமாயணத்தைத் தம் சுவையுணர்வையே அளவுகோலாகக் கொண்டு பதிப்பித்தபோது பல பாடல்களை இடைச்செருகல் என நீக்கினார். சில இடங்களிற் சொற்களையும் மாற்றினார். அதனை எதிர்த்தோர் பலர். அவர் பதிப்பினாற் கம்பனுக்கு நேர்ந்த இழப்பு ஒன்றும் இல்லை; அவர் தள்ளிய பாடல்கள் பிற பதிப்புக்களில் உயிரோடுள்ளன. ஓவியத்துக்கோ பிற பதிப்பு இல்லை. பஞ்சில் ஒற்றி எடுத்த படலம் குப்பைக்குட் போயிற்றென்றால் அஃது என்றைக்குமே போயிற்று. ஆகவே களைவோன் தன் சுவையை நம்புதல் தகாது, சான்றையே நம்பவேண்டும். சான்று ஐயத்துக்கு இடமாயின் கையை மடக்கிக்கொள்ளுதலே அறிவுடைமை. பூச்சு முழுவதையும் நீக்காது மெல்லியதாக்கி விடும் முறையும் உண்டு. அதனைத் துணிவின்மை என்று இகழ்வோர், திரும்பப்பெற முடியாதது எது என்பதை மறந்தவராவர்.

இனி நிரப்பலை நோக்குவாம். இதற்கு இலக்கணம் வகுத்தவரும் பிராண்டியே. 1939இல் உரோமாபுரியில் நிறுவப்பட்ட மத்திய செப்பனிடு நிலையத்தின் முதல் இயக்குநராய் இருந்த அவர், தம் கொள்கையை 1963இல் நூலாக வெளியிட்டார். நிரப்பிய இடம் தொலைவில் நின்று நோக்குவார்க்குப் படத்தின் ஒருமையைக் குலைக்கலாகாது. அருகே சென்று நோக்குவார்க்கு இது புதியது என்பது தெளிவாகவேண்டும். பின்வருவோர் அதனை நீக்க விரும்பின் மூலத்துக்குக் கேடின்றி நீக்கத்தக்கதாக இருக்கவேண்டும். இவை அவர் கூறியவற்றின் சாரம். இதற்கென அந்நிலையத்தார் ஒரு முறையையும் வகுத்தனர். அழிந்த இடத்தை நீர்வர்ணத்தால் நுண்ணிய நேர்கோடுகளாக நிரப்புவர். எட்ட நின்றால் கோடுகள் கலந்து நிறமாகும். கிட்டச் சென்றால் கோடுகளாகவே தோன்றும். பதிப்பாசிரியர் தாம் ஊகித்த சொல்லைப் பகரக் குறிக்குள் இடுதல் போன்றது இது.

இவ்விலக்கணத்தை இரண்டு இலக்கியங்களிற் பொருத்திப் பார்ப்போம். முதலாவது மிலான் நகரத்துத் துறவியர் மடத்தின் உணவு மண்டபத்தில் லியனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரையிலான காலத்தில் தீட்டிய இறுதி இராப்போசனம். ஈரச்சாந்தில் விரைந்து தீட்டும் மரபை விடுத்து, உலர்ந்த சுவரில் ஆறஅமர வரைந்தார் லியனார்டோ. அதனால் வர்ணம் சுவரோடு ஒன்றாது, அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கிற்று. 1652இல் மடத்தார் அச்சுவரில் வாயில் ஒன்றை வெட்டியதால் இயேசுவின் பாதங்கள் மறைந்தன. 1726இல் பெல்லொட்டி என்பவரும் 1770இல் மாசா என்பவரும் அதன்மேல் தாராளமாய் வர்ணந் தீட்டினர். 1821இல் பரெசி என்பவர் அதனை ஈரச்சாந்தோவியம் என மயங்கிச் சுவரிலிருந்து பெயர்க்க முயன்று மேலும் கெடுத்தார். 1943இல் மண்டபம் குண்டுவீச்சில் இடிந்தது. மணல்மூட்டைகளால் காக்கப்பட்ட ஓவியச்சுவர் மட்டும் நின்றது. போருக்குப் பின் பெலிச்சியோலி என்பவர் உதிரும் வர்ணத்தை அரக்குக் கரைசலால் நிலைபெறச் செய்தார். பின்னர் பினின் பிரம்பில்லா என்னும் அம்மையார் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, முன்னோர் தீட்டிய மேற்பூச்சுக்களை அங்குலம் அங்குலமாக நீக்கி, வெறுமையான இடங்களை மங்கிய நீர்வர்ணத்தால் நிரப்பி, 1999இற் பணியை நிறைவுசெய்தார்.

லியனார்டோவை மீட்டனர் என்றனர் சிலர். இருந்த ஓவியத்தையும் தொலைத்தனர் என்றனர் வேறு சிலர். என் கருத்து வருமாறு. மேற்பூச்சை நீக்கியது முறையே. பெல்லொட்டியும் மாசாவும் செய்தது புள்ளியிட்ட இடத்தில் தம் பாட்டைப் பாடிச் சேர்த்தமையாகும். அவர்கள் பூச்சின் அடியில், சிதைவுற்றதாயினும், லியனார்டோவின் கை உளது எனச் சான்று நின்றது. நீர்வர்ணத்தை ஆண்டதும் முறையே. அதனை நாளை ஈரத் தூரிகையால் நீக்கிவிடலாம். ஆயினும் பிராண்டியின் இரண்டாம் விதி அங்கே நிறைவேறவில்லை. அருகே சென்று நோக்குவார்க்குப் புதியது தெரியும் என்பது விதி. அம்மண்டபத்திலோ பார்வையாளர் சிறு சிறு கூட்டமாய்க் கால்மணி நேரம் மட்டும் நிற்கின்றனர். சுவரை நெருங்குதல் அவர்க்கு இயலாது. நிரப்பிய நிறத்தை அவர் லியனார்டோவின் நிறம் என்றே கொள்வர். செய்தவரிடத்து வஞ்சனை இல்லை. பார்ப்பவரிடத்து மயக்கம் உண்டாகின்றது. இது செய்தவரின் குற்றமன்று, விதியின் குறை. எந்தப் பொருளும் அருகே சென்று காணத்தக்கது என்று எண்ணி வகுத்த விதி அது. அருகே செல்லவியலாத இடத்திற் செப்பத்தைக் காட்டும் கடமை தூரிகையோடு முடிவதில்லை. எது மூலம், எது நிரப்பு என்று வரைந்து காட்டும் படமொன்றை ஓவியத்துக்கு நிகரான இடத்தில் வைத்தலும் செப்பத்தின் ஒரு கூறாகவேண்டும்.

மற்றது புளோரன்சு நகரத்துச் சந்தா குரோச்சே ஆலயத்துச் சிலுவை. சிமாபூவே என்னும் ஓவியர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீட்டியது. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரைபுரண்டு நகரை மூழ்கடித்தது. எண்ணெய் கலந்த சேற்றுநீரில் மரச்சிலுவை நின்றது. நீரை உண்ட மரம் பருத்தது; மரத்தோடு பருக்க மாட்டாத வர்ணம் பிளந்து உதிர்ந்தது. வர்ணப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்ததெனக் கூறுப. மரத்தை விரைந்து உலர்த்தினால் அது சுருங்கி எஞ்சியதையும் உதறிவிடும். ஆகவே ஈரப்பதன் மிகுந்த மண்டபமொன்றில் வைத்து, அவ்வீரப்பதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து ஆற்றினர். அதன்பின் உம்பேர்த்தோ பல்டினி என்பவர் தலைமையில் நிரப்பல் நிகழ்ந்தது. அழிந்த முகத்தையோ உடலையோ அவர்கள் வரையவில்லை. எஞ்சிய வர்ணங்களிலிருந்து பெற்ற சில நிறங்களை ஒன்றன்மேலொன்று குறுக்குக் கோடுகளாக இழைத்து, உருவமில்லாத பொதுநிறம் ஒன்றால் வெற்றிடங்களை மூடினர். 1976இல் அச்சிலுவை மீளக் காட்சிக்கு வந்தது.

இதனைக் கண்டோர் சிலர், கோடுகளே கண்ணைக் கவர்கின்றன. சிமாபூவே பின்னடைந்தார் என்று குறைகூறினர். அக்குறை பொய்யன்று. அழிந்த இடத்துக்கு அழகொன்று வந்துவிட்டமை உண்மையே. எனினும் மிலான் வேலையையும் இதனையும் ஒருங்கு வைத்து நோக்கின், இதன் பிழை நல்ல பக்கத்துப் பிழை என்பேன். மிலானிற் பார்வையாளன் ஏமாறக்கூடும். புளோரன்சில் அவன் கண் உறுத்தப்படுகின்றது; ஆனால் ஏமாறவில்லை. வெள்ளம் வந்தது என்பதை அச்சிலுவை மறைக்கவில்லை.

மூன்றாவதாகிய தாங்கல், நெசவுப் பொருட்களிடத்தே மிகவும் இன்றியமையாதது. ஓவியத்துக்குச் சுவரோ பலகையோ உண்டு. துணிக்கு அவ்வகைப் பின்புலம் இல்லை. நூலே உடல், நூலே உயிர். அந்நூலோ தாவரத்தினின்றும் விலங்கினின்றும் வந்தது. ஒளி, சிறப்பாக ஊதாக்கடந்த கதிர், சாயத்தை வெளிறச் செய்வதோடு இழையின் நீண்ட மூலக்கூறுகளையும் அறுக்கின்றது. இக்கேடு சேர்ந்துகொண்டே செல்லும். இருட்டில் வைத்து ஆற்றினும் போனது மீளாது. ஆகவே துணிகளைக் காட்சிக்கு வைக்கும் அறையில் ஒளி 50 லக்சு அளவுக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. ஒரு மெழுகுதிரியின் ஒளி ஒரு மீற்றர் தூரத்தில் விழும் அளவு ஒரு லக்சு எனக் கொண்டால் இதன் அருமை விளங்கும். பட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நெசவாளர் பட்டுக்குக் கனமூட்ட வெள்ளீயம் முதலிய உலோக உப்புக்களை ஊட்டினர். அப்பட்டுக்கள் இன்று மடிப்புத்தோறும் தாமே பிளந்து சிதறுகின்றன.

இவ்வகையிற் பெரும்பாடம் புகட்டுவது அமெரிக்கரின் கொடி ஒன்று. 1813இல் பால்டிமோர் நகரத்து மேரி பிக்கர்சுகில் என்னும் அம்மையார் தைத்தது அது. கம்பளித் துணியில் பட்டைகளும், பருத்தித் துணியில் 15 விண்மீன்களும் அமைந்தது. உயரம் 30 அடி. நீளம் 42 அடி. 1814 செத்தெம்பரில் மக்கென்றி கோட்டைமீது பிரித்தானியர் நிகழ்த்திய குண்டுவீச்சுக்குப் பின் அங்கே அது பறக்கக் கண்டே அந்நாட்டு நாட்டுப்பண் பிறந்தது. கோட்டைத் தலைவரின் குடும்பத்தார் அக்கொடியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி வேண்டியவர்க்கு நினைவுப் பொருளாய்க் கொடுத்தனர். விண்மீன் ஒன்றும் அவ்வாறே சென்றது. 1912இல் அது சிமித்சோனியன் நிறுவனத்துக்கு உரியதானபோது 34 அடி நீளமே எஞ்சியிருந்தது. 1914இல் அமேலியா பவுலர் என்பவரும் தையற்பெண்களும் அதற்கு லினன் துணியொன்றைப் பின்னே கொடுத்து, ஏறத்தாழ 17 இலட்சம் தையல்களால் வலைபோற் பின்னி நிறுத்தினர்.

அன்றைய அறிவில் அஃது அருஞ்செயலே. அந்த லினன் இல்லையேல் அக்கொடி தூக்கிக் காட்டத்தக்க நிலையில் இருந்திராது. ஆனால் எண்பது ஆண்டுகளுக்குப் பின் அத்தாங்கலே சுமையாயிற்று. 1998இற் கொடியை இறக்கி ஆராய்ந்தோர் அத்தையல்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து லினனை அகற்றினர். உலர்ந்த பஞ்சுகளால் அழுக்கை ஒற்றி எடுத்தனர். மிக மெல்லிய செயற்கையிழைத் துணியொன்றை மறுபுறத்தில் துணையாக வைத்தனர். இன்று அது தொங்கவிடப்படாது, மங்கிய ஒளியில், பத்துப்பாகை சாய்ந்த தளத்தின்மேற் கிடத்தப்பட்டிருக்கின்றது. இழந்த விண்மீனை எவரும் புதிதாகத் தைக்கவில்லை. வெட்டுண்ட எட்டடி நீளத்தையும் எவரும் நெய்து சேர்க்கவில்லை. அவ்வாறு செய்தல் எளிதே. கம்பளியும் பருத்தியும் அந்நாட்டிற் கிடையாதவை அல்ல. ஆனால் வெட்டுண்டமையும் அக்கொடியின் வரலாறே. அதன் ஓரத்துக் கிழிசலில் ஒரு தலைமுறையினரின் பற்றும் அறியாமையும் ஒருங்கே எழுதப்பட்டிருக்கின்றன. இச்செப்பத்தினைக் குறைகூற என்னால் இயலவில்லை.

பவுலர் அம்மையாரை இகழ்தலும் தகாது. ஆய்வுகூடங்கள் தாமும் இப்பாடத்தைப் பட்டறிந்தே கற்றன. கரையும் நைலோன் என்னும் பொருள் ஒருகாலத்தில் உதிரும் பரப்புக்களை நிலைநிறுத்தப் பெரிதும் ஆளப்பட்டது. என்றும் கரைத்து நீக்கத்தக்கது என நம்பியே அதனைப் பூசினர். அதுவோ ஆண்டுகள் செல்லக் கரையாததாயிற்று. சுருங்கித் தூசியையும் ஈர்த்தது. ஆகவே நீக்கத்தக்கது என்ற சொல்லையும் நாம் ஐயத்தோடே ஆளவேண்டும். முற்றிலும் நீக்கத்தக்கது எதுவுமில்லை. குறைவாகச் செய்தலும், செய்ததை எழுதிவைத்தலுமே நம்பத்தக்க காவல்.

ஈண்டுச் சைவ மக்கள் ஒரு தடை எழுப்பலாம். நம் ஆலயங்களில் நாம் புதுப்பித்தலையே அறமாகக் கொண்டோம் அல்லவா? பின்னமுற்ற படிமத்தை விலக்கிப் புதியது வைக்கின்றோம். பாலாலயம் செய்து திருப்பணி முடித்துக் குடமுழுக்காட்டுகின்றோம். சிதைவைக் காட்டிநிற்றல் தெய்வத்திருமேனிக்குத் தகுமோ என்பது அத்தடை. தடை வலிதே. அதற்கு விடை, பயன் வேறானால் விதியும் வேறாகும் என்பதாம். ஆலயத்துத் திருமேனியின் உண்மை அதன் உலோகத்தில் இல்லை; ஆவாகனத்தில் உளது. ஆகவே அங்கே புதுக்குதல் பொய்யாகாது. நூதனசாலையிலுள்ள பொருளோ சான்றாக நிற்பது. சான்றைத் திருத்தினாற் சான்றாகாது. அபிடேகத்தால் தேய்ந்த முகத்தைக் கூர்மையாக்கினால், பல நூற்றாண்டு வழிபாட்டின் சுவடே அழியும்.

இவ்விரு பயனும் ஓரிடத்தே கூடும்போதுதான் இடர் உண்டாகின்றது. பழைய சுவரோவியத்தின்மேற் சுண்ணாம்பு அடித்தலும், கற்சிற்பங்களை மணல்வீச்சினாற் சுத்தஞ்செய்து எழுத்தையும் நகாசையும் மழுங்கடித்தலும் பத்தியின் பெயரால் தமிழகத்தில் நிகழ்ந்தன. அறிவும் பத்தியும் ஒன்றையொன்று கெடுக்கவேண்டியதில்லை என்பதற்குத் தஞ்சைப் பெருங்கோயிலே சான்று. அங்கே கருவறையைச் சூழ்ந்த நடையில் நாயக்கர்கால ஓவியத்தின் அடியிற் சோழர்கால ஓவியம் இருந்தமை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமியால் வெளிப்பட்டது. அவ்வோவியங்களின் சாந்தையும் வர்ணத்தையும் சென்னை நூதனசாலை ஆய்வுகூடத்து எஸ். பரமசிவன் இரசாயன முறையில் ஆராய்ந்தார். சோழனைக் காண நாயக்கனைச் சுரண்டி எறிந்திருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையினர் பின்னர் அவ்வாறு செய்யாது, மேற்படலத்தைச் சில இடங்களில் முழுமையாகப் பெயர்த்துத் தனித் தளங்களில் ஒட்டி இரண்டையும் காத்தனர். இலண்டனில் எழுந்த வாதத்துக்கு இஃது ஒரு நல்ல விடை. களைந்ததையும் காப்பாற்றினால் களைந்தவனது பிழையைப் பின்வருவோர் திருத்தலாம்.

இவ்விதிகள் நமக்கு ஏன் வேண்டும்? பிறநாட்டாரின் நூதனசாலைகள் பற்றி அறிதல் கல்விக்கு அழகு என்ற அளவில் நிற்கலாமே எனின், நில்லாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப்பெற முடியாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. எரிந்த கட்டடத்தின் ஒரு பகுதியையேனும் நினைவுச்சின்னமாக விட்டுவைக்கவேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. 2003 அளவில் அது முன்னைய வடிவிலேயே வெண்ணிறமாய் மீளக் கட்டி முடிக்கப்பட்டது. நூலகம் கற்பார்க்குரியது, அதனை மீளக் கட்டியது ஆலயத் திருப்பணி போன்றதோர் அறமே. ஆயினும் அவ்வெள்ளைச் சுவர் தன்னளவில் ஒன்றும் சொல்லாது. இன்று அங்கே நுழையும் மாணவன் நிறைந்த அலுமாரிகளையே காண்பான். எரிந்தவை எவை என்று அவனுக்குச் சொல்லவேண்டுமானால், அழிந்த நூல்களின் பெயர்களைக் கிடைத்த சான்றுகொண்டு தொகுத்து, அப்பட்டியலை நூலகத்திலேயே வைக்கவேண்டும். நிரப்பமுடியாத இடத்தில் இடவேண்டிய புள்ளிகள் அவையே.

நம் கல்லூரிகளிலும் வீடுகளிலும் எஞ்சியுள்ள ஏடுகள், பழைய நிழற்படங்கள், பட்டுக் கொடிகள், மணவறைத் துணிகள் என்பவற்றுக்கும் இதுவே முறை. கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டுவோரும், ஏட்டையும் சான்றிதழையும் பிளாத்திக்கு உறைக்குள் சூடேற்றி அடைப்போரும் நல்ல நோக்கத்தோடே செய்கின்றனர். பசை காலத்தாற் பழுத்துத் தாளிற் கறையாய் ஊறும். சூடேற்றிய உறையைத் தாளுக்குக் கேடின்றிப் பிரித்தல் அரிது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், அமிலமற்ற தாளிற் சுற்றி, பெயரும் ஆண்டும் எழுதி வைத்தால் அதுவே பெரும்பணி. மேலும் செய்ய வல்லார் வரும்வரை அப்பொருள் காத்திருக்கும்.

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சிறந்த செப்பம் என்பது சிதைவே நேராததுபோற் காட்டுவதன்று. எஞ்சியது எவ்வளவு, போனது எவ்வளவு, வைத்தது எவ்வளவு என்ற மூன்றையும் பார்ப்பவனுக்கு உண்மையாக உரைப்பதே செப்பம். அவ்வாறு உரைக்கும் துணிவு ஆய்வுகூடத்தாரிடம் மட்டும் இருந்தாற் போதாது. அதனைக் கேட்கும் துணிவு நம்மிடமும் வேண்டும். குறையற்ற பழம்பொருளை விரும்பும் பார்வையாளன் இருக்குமட்டும் பெல்லொட்டிகளும் மாசாக்களும் பிறந்துகொண்டே இருப்பர். 266க்குப் பின் 269ஐப் படித்துப் பழகிய நம் மாணவர், பிற கலைப்பொருள்களையும் அக்கண்கொண்டே நோக்குவாராக.